திராட்சைக் கொடியின் கழுத்தில் வந்த கட்டி

பதினான்கு கொடிகளும் ஒழுங்காகக் காய்த்தால் என் மகள் மறுபடி குவைத்துக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் அது இந்த இடத்தில்தான் வந்து நின்றது. மழை பெய்தால் கொடிக்கு நல்லதா கெட்டதா என்று பேசினோம். எனக்கு இருமல் வந்தால், பூக்கிற நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டி வருமோ என்று பேசினோம்.

வீடு டயகமவுக்கு மேலே, தோட்டத்தின் விளிம்பில், ஏழு பேர்ச் காணிக்குள் இருக்கிறது. அம்மா இருந்த லயத்துக் காம்பராவுக்கு, தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறைக்கு, பதிலாகக் கிடைத்த தனி வீடு. முன்னால் ஒரு அறை, பின்னால் இரண்டு, ஒரு குசினி, ஐந்து ஜன்னல்கள். ஐந்தில் இரண்டு திறக்காது. வீடு போக மிஞ்சிய நிலத்தில் மகள் பொலித்தீன் கூடாரம் போட்டாள். கூடாரமும் போக மிஞ்சிய இடத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் என் முழங்கால் வேலியில் இடிக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் தேயிலை. மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் தேயிலை. அது தோட்டத்துக்குச் சொந்தம். ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஏற வேண்டும். என் இடது இடுப்பு அதற்கு ஒத்துக்கொள்ளாமல் போய்க் கன காலம் ஆகிறது.

ஆகவே பகலெல்லாம் நான் கூடாரத்துக்குள் இருந்தேன். உள்ளே கதகதப்பாக இருக்கும். பொலித்தீன் வெள்ளையாக மங்கியிருப்பதால் வெளியே மலை தெரிகிறதா மூட்டம் தெரிகிறதா என்றுகூடச் சொல்ல முடியாது. உள்ளே இருப்பதைத்தான் பார்க்கலாம். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கும் விஞ்ஞானமும் படிப்பித்தவன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. கணுக்களை எண்ணினேன், இலைகளை எண்ணினேன், பொலித்தீனில் நீர் கோத்துச் சொட்டும் இடங்களை எண்ணினேன். மகளுக்கு இது எரிச்சல்.

"எண்ணுனா கூடிருமாப்பா?" என்பாள்.

"கொறஞ்சா தெரியும்ல," என்பேன்.

அவளுக்கு நாற்பது நெருங்குகிறது. கல்யாணம் செய்து கொடுத்தோம், அது சரிவரவில்லை. திரும்பி வந்தவள், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஹட்டனில் ஏஜன்சிக்காரனிடம் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டு வேலைக்கு இரண்டு தடவை குவைத் போனாள். இரண்டாம் தடவை அவள் அங்கே இருக்கும்போது என் மனைவி இறந்துபோனாள். அவளால் வர முடியவில்லை. வந்த பிறகு, அம்மாவின் படத்துக்கு முன்னால் பெட்டியை வைத்துவிட்டு, "இனிப் போக மாட்டேன்," என்று மட்டும் சொன்னாள். குவைத்தைப் பற்றி அதற்கு மேல் எதுவும் அவளிடம் கறக்க முடியாது. கேட்டால், "வேல. வேற என்னா," என்று எழுந்து போய்விடுவாள்.

திராட்சை யோசனை அவளுடையது. குவைத்தில் பக்கத்து வீட்டில் வேலை செய்த யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி. அவள் வீட்டில் திராட்சைத் தோட்டம் இருந்தது. ஊர் திரும்பிய பிறகு தோழி நடுதடிகளை ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் அனுப்பினாள். இந்தக் குளிரில் திராட்சையா என்று நான் கேட்டேன். "அதுக்குத்தானே கூடாரம்," என்றாள். லீக்ஸ் போடலாமே, கரட் போடலாமே என்றேன். "எல்லாரும் போடுறத இந்தச் சின்ன எடத்துல நானும் போட்டு யாருகிட்டப்பா விக்கிறது," என்றாள்.

முதல் காய்ப்பில் அறுபத்தொரு குலை. நுவரெலியாவில் சுற்றுலாக்காரர்களுக்குப் பழம் விற்கும் முதலாளி ஒருவர், ஒரு பழத்தை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "மலையில வெளஞ்சதுன்னு எழுதி வச்சே விக்கலாம் தங்கச்சி, அடுத்த தடவ இன்னுங் கூடக் கொண்டா," என்றாராம். மகள் அதை என்னிடம் சொல்லும்போது சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. முற்றின கொடி முதல் தடவையைப் போல இரண்டு மடங்கு காய்க்கும் என்று நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்துக்கொண்டேன். இனி ஏஜன்சிக்காரன் போன் போட்டால் பேசவேண்டியதே இல்லை என்றும் நினைத்தேன்.

ஆடிக் காற்று மேற்குப் பக்கத்துப் பொலித்தீனைக் கிழித்தது. நாங்கள் உரச்சாக்குகளைத் தைத்துக் கட்டி மறைத்தோம். காற்றுக்கு அது போதுமாக இருந்தது. தை மாதத்துப் பனிக்குப் போதவில்லை.

பனி செய்த கேடு விடியற்காலையில் தெரியாது. புல்லின் மேலும் தேயிலையின் மேலும் மாவைச் சலித்துத் தூவியது மாதிரி வெள்ளையாக, பார்க்க அழகாகத்தான் இருக்கும். வெயில் ஏறின பிறகுதான் இலை கறுக்கத் தொடங்கும். இங்கே அதைப் பனி பொசுக்கியது என்பார்கள். மேற்குப் பக்கத்து வரிசையில் ஏழு கொடிகளும் பொசுங்கின. கிழக்கு வரிசையில் இரண்டு. நிலத்தை ஒட்டித் தண்டு மெல்லியதாக வெடித்திருந்தது. மகள் அந்த வெடிப்பில் விரலை வைத்து அப்படியே குந்தியிருந்தாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவர் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்றவர். கவ்வாத்து என்பது முற்றிப் போன தேயிலையை இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டு, புதிதாகத் துளிர்க்க விடுவது. அவருடைய கத்தி வளைந்து, தீட்டித் தீட்டி ஒடுங்கி, ஒரே வெட்டில் மணிக்கட்டுத் தடிமன் கிளையைச் சரிவாக எடுத்துவிடும்.

"என்னா மாஸ்டர், கொடிக்குக் காய்ச்சலா?"

"பனி பொசுக்கிருச்சு," என்றேன்.

"பொசுக்குனா என்னா, ஒரு கவ்வாத்துப் போட்டாச் சரியாப் போகும். எங்க மேமலையில தேயில மரம் கரிக்கட்டையா நிக்கும். வெட்டிவிட்டா நாலு மழையில பச்சை அடிச்சிரும்."

"இது தேயில இல்லியே மாமா," என்றாள் மகள்.

"எல்லாம் மரந்தானே புள்ள. நா ஒன்னும் ஆட்டுக் கழுத்த வெட்டுறேன்னு சொல்லலியே."

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. பொசுங்கிய தேயிலையை வெட்டிவிடுவதையும் அது தழைப்பதையும் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள் மூவரும். மற்றவை கவ்வாத்துப் பட்டு நன்றாகத் துளிர்க்கும்போது இவை மட்டும் பின்தங்கக்கூடாது என்று பொசுங்காத ஐந்தையும் சேர்த்து வெட்டச் சொன்னது மகள். அவர் பதினான்கையும் ஒரே கத்தியால், ஒரே மூச்சில் வெட்டினார். ஒரு கொடிக்கும் அடுத்ததுக்கும் இடையில் கத்தியைக் காற்சட்டையில் ஒரு தடவு. அவ்வளவுதான்.

பிறகு வெட்டிப் போட்ட கிளைகள், எங்கள் பேச்சில் வாதுகள். தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டினால் இலையையும் சிறு வாதையும் வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். வரிசைக்கு நடுவே முள்ளு என்கிற பல்லுள்ள மண்வெட்டியைப் போட்டு மண்ணைக் கிளறி, அதையெல்லாம் உள்ளே தள்ளி மூடுவார்கள். மரத்திலிருந்து வந்தது மரத்துக்கே உரமாக வேண்டும். எங்கள் கூடாரத்திலும் அவர் அப்படியே செய்தார். வாதுகளைச் சின்னச் சின்னதாக நறுக்கி, ஒவ்வொரு கொடியின் அடியிலும் முள்ளால் குத்திப் புதைத்தார். மகள் அவருக்கு வாளியில் அள்ளிக் கொடுத்தாள். நான் கதிரையில் இருந்துகொண்டு, ஒரு தடியும் வெளியே கிடக்காமல் பார்த்துக்கொண்டேன். போகும்போது அவர் நல்லதாக ஒரு தடியைத் தேர்ந்து, "இது எங்கூட்டு வாசலுக்கு," என்று எடுத்துக்கொண்டு போனார்.

அவர் சொன்னபடியே பங்குனியில் எல்லாம் துளிர்த்தன. துளிர் என்றால் அப்படி ஒரு துளிர். ஒரு கணுவில் இரண்டு மூன்று என்று வெடித்துக்கொண்டு வந்தது. ஏஜன்சிக்காரன் அந்தச் சமயத்தில்தான் போன் போட்டான். தெரிந்த வீடு, நல்ல மேடம், சமையல் மட்டுந்தான், பழைய ஆள் என்பதால் உடனே எடுப்பார்கள் என்று அவன் அடுக்கினான். மகள் போனைக் காதில் வைத்தபடியே ஒரு புதுத் துளிரை வலையில் கட்டிக்கொண்டிருந்தாள். "இப்ப ஒன்னும் சொல்ல ஏலாது அண்ண. பழம் எறங்கட்டும்," என்றாள்.

வைகாசி மழையில் முதல் கட்டி வந்தது. நான்தான் பார்த்தேன். மேற்கு வரிசையில் மூன்றாவது கொடி, நிலத்தை ஒட்டி, பனியில் வெடித்திருந்த அதே இடம். ஒரு கடலை அளவு. பால் நிறம். தொட்டால் சோற்றுப் பருக்கையை நசுக்கினது மாதிரி மெத்தென்று இருந்தது. காயம் ஆறும்போது மரம் சதை போடும் அல்லவா, அது என்று எடுத்துக்கொண்டேன். பிறகு அதே கொடியில் இன்னும் இரண்டு. பக்கத்துக் கொடியில் நான்கு. பால் நிறம் மங்கிப் பழுப்பாகி, மேலே மரப்பட்டை மாதிரி வெடித்து, கடைசியில் காலிபிளவர் என்கிற பூக்கோவா ஒன்று காய்ந்து கறுத்த மாதிரி ஆனது. ஒன்பது கொடிகளில் முப்பத்தெட்டுக் கட்டிகள் எண்ணினேன். மகளிடம் சொல்வதற்கு முன் பேனாக் கத்தியால் சிலவற்றைச் சீவி எடுத்துச் சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துப் பார்த்தேன். சீவிய இடத்தில் முன்னைவிடப் பெரிதாக வந்தது. முப்பத்தெட்டு நாற்பத்தொன்பது ஆனது.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். அடுத்த கொடிக்குப் போனாள். பதினான்கையும் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எப்ப இருந்து?"

"மழை தொடங்கினதுல இருந்து."

"எண்ணியிருப்பீங்களே."

சொன்னேன்.

கவ்வாத்துக்காரரைக் கூப்பிட்டோம். அவர் கட்டியை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "கண்ணு பட்டிருக்கு. கடைக்காரன் மெச்சுனான்னு சொன்னீங்கல்ல, அவன் கண்ணுதான். வாசல்ல ஒரு பூசணியத் தொங்கவிடுங்க," என்றார். சொல்லும்போது வழக்கமான சிரிப்பு இல்லை. அடுத்த முறை வந்தபோது, எங்கள் வீட்டிலிருந்து எடுத்துப்போய்த் தன் வாசலில் நட்ட தடியை வேரோடு பிடுங்கிக் கையில் கொண்டுவந்தார். அதன் அடியில் இரண்டு கட்டிகள்.

"எங்கூட்டுல கடைக்காரன் வரவே இல்லியே மாஸ்டர்," என்றார்.

மகள் தலவாக்கலைப் பக்கமிருந்து வரும் விவசாய உத்தியோகத்தருக்குப் போன் போட்டாள். சிங்களப் பெண் பிள்ளை, என்னிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் வயது இருக்கும். ஸ்கூட்டரை ரோட்டில் விட்டுவிட்டு மழையில் இறங்கி வந்தது. கூடாரத்துக்குள் வருவதற்கு முன் சப்பாத்தைக் கழற்றி மண்ணைத் தட்டியது. முதல் கொடியிலேயே அதன் முகம் மாறிவிட்டது. இருந்தாலும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. பிறகு மகளிடம் சிங்களத்தில் கேட்டது: கடைசியாக எப்போது வெட்டினீர்கள், எதால் வெட்டினீர்கள், வெட்டியதை எங்கே போட்டீர்கள்.

கவ்வாத்துக்காரர் அந்தக் கடைசிக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி முன்னால் வந்தார். காலால் நிலத்தைத் தட்டிக் காட்டினார்.

"எல்லாம் இங்கதான் மிஸ். ஒரு குச்சி வெளிய போகல. எல்லாம் உள்ளதான் இருக்கு."

அந்தப் பிள்ளை அவரைப் பார்த்தது. பிறகு நிலத்தைப் பார்த்தது. ஏசவில்லை. அவர் காட்டிய இடத்திலிருந்து மெதுவாக ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றது.

"பெஹெத் நே," என்றது. மருந்து இல்லை. அவ்வளவு சிங்களம் எங்கள் மூவருக்கும் தெரியும்.

பிறகு அது பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் விளக்கியது. இங்கிலீஷில் கிரவுன் கோல் என்பார்களாம். ஒரு பக்டீரியா. நடுதடியிலேயே ஒளிந்து வந்திருக்கலாம், வெளியே ஒன்றும் தெரியாது. அனுப்பியவருக்கும் தெரிந்திருக்காது. குளிரில் தண்டு வெடித்ததும் அதற்கு வாசல் திறந்துவிட்டது. கத்தி அதைக் கொடிக்குக் கொடி கொண்டுபோனது. புதைத்த வாதுகளோடு இப்போது அது மண்ணிலும் இருக்கிறது. வேர்த்துண்டு மண்ணில் மிஞ்சியிருக்கிற வரை அதுவும் இருக்கும். அப்படிப் பல வருடம் போகலாம். எல்லாவற்றையும் வேரோடு தோண்டி எரிக்க வேண்டும். இந்த மண்ணில் இனித் திராட்சை வேண்டாம். ரோசாவும் வேண்டாம், பழமரமும் வேண்டாம். லீக்ஸ், வெங்காயம், சோளம் போடலாம். அவற்றை இது தொடாது.

"எல்லாத்தையுமா?" என்று நான் கேட்டேன். "அஞ்சுல ஒன்னுமே இல்லியேம்மா."

"வெளிய இல்ல சேர்," என்றது அந்தப் பிள்ளை. "உள்ளே இருக்கும். பார்த்தா தெரியாது."

அது போன பிறகு கவ்வாத்துக்காரர் கத்தியை இரண்டு கைகளுக்கும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாப்பது வருசம் இப்பிடித்தான் புள்ள செஞ்சேன்," என்றார் மகளிடம். "தேயிலைக்கு ஒன்னும் வந்ததில்லியே."

"தெரியும் மாமா. நானுந்தானே அள்ளித் தந்தேன். டீ குடிச்சிட்டுப் போங்க," என்றாள் மகள்.

நான் விடவில்லை. போனில் தேடிப் படித்தேன். மனிதனுக்கு நிம்மதி தராத படிப்பு அது. அந்தப் பக்டீரியா காயத்துக்குள் நுழைந்து, செடியின் கலத்துக்குள் தன்னுடைய மரபணுத் துண்டு ஒன்றைச் செருகிவிடுகிறதாம். கட்டியை வளர்க்கும் கட்டளை அந்தத் துண்டில் இருக்கிறது. அதன் பிறகு பக்டீரியாவைக் கொன்றாலும் கட்டி வளர்வது நிற்காது. கொடி அதைத் தன்னுடைய உடம்பு என்று நினைத்துக்கொண்டு, இலைக்கும் பழத்துக்கும் போக வேண்டிய சாப்பாட்டை அதற்குப் போட்டு வளர்க்கும். கொடி உடனே சாகாது. பல வருடம் உயிரோடு நிற்கும், கொஞ்சம் கொஞ்சமாக இலை சிறுத்து, குலை சிறுத்து. அதிலிருந்து வெளியே வரக் கொடிக்கு வழி இல்லை. இதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். மூட்டம் கூடாரத்தின் மேல் இறங்கியிருந்தது. பொலித்தீனுக்கு வெளியே ஒன்றும் இல்லாதது மாதிரி இருந்தது.

சாகாது என்றால் வைத்திருக்கலாமே என்பது என் கணக்கு. கட்டி இல்லாத ஐந்தையும் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். கட்டி உள்ள ஒன்பதும் பாதியாவது காய்க்கும். ஐந்தும் ஒன்பதில் பாதியும் சேர்த்தால் முதல் தடவைக்குக் கிட்ட வரும். கடைக்காரருக்கு அது போதாதா? மகளிடம் இதை ஒரு தடவை சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள். ஏஜன்சிக்காரன் மறுபடி போன் போட்டான். அவள் எடுக்கவில்லை. மணி அடித்து ஓய்கிற வரை நாங்கள் இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொடி இல்லையென்றால் அந்தப் போன்தான். எனக்கு அதைத் தவிர மூன்றாவது வழி ஒன்று தெரியவில்லை. ஆகவேதான் நோய்க் கொடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன்.

ஒரு காலையில் கூடாரத்தில் சத்தம் கேட்டுப் போனேன். அவள் அலவாங்கைப் போட்டு மேற்கு வரிசையைத் தோண்டிக்கொண்டிருந்தாள். மூன்று கொடிகள் ஏற்கனவே சாய்ந்து கிடந்தன.

"அந்தப் பக்கத்து அஞ்சையும் விடு," என்றேன்.

"அதுக்குள்ளயும் இருக்கும்னு மிஸ் சொன்னாங்கல்ல."

"இருக்கும்னா சொன்னா? இருக்கலாம்னு. ஒரு போகம் பாத்துட்டு வெட்டுறது."

"ஒரு போகம் பாப்போம், அடுத்த போகம் பாப்போம். நீங்க எண்ணிக்கிட்டே இருப்பீங்க, நா கட்டியச் சீவிக்கிட்டே இருப்பேன்." அவள் நிமிரவில்லை. "கெடந்து சாகுறதப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஏலாதுப்பா."

நான் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். கேட்கக்கூடாது என்று இருந்ததைக் கேட்டேன்.

"அப்ப குவைத்துக்கா?"

"இல்ல."

"பின்ன?"

"மலைக்குப் போறேன். கங்காணிகிட்டப் பேசிட்டேன். ஆள் இல்லாமத்தான் தவிக்கிறாங்க. அன்னன்னிக்குக் கைகாசுக்கு எடுத்துக்கிறேன்னாரு."

கொழுந்து பறிக்க. எங்கள் வீட்டில் கடைசியாக மலைக்குப் போனது என் அம்மா. என்னைப் படிக்க வைத்ததே அவளோடு அது முடிய வேண்டும் என்றுதான். நான் படிப்பித்தேன். என் மனைவி தையல் தைத்தாள். எங்கள் வீட்டுச் சுவரில் கூடை தொங்கினதில்லை. இதைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், என் வீட்டை உதாரணம் காட்டி.

"நீ ஓ.எல். பாஸ் பண்ணினவ," என்றேன்.

"அங்க கக்கூஸ் கழுவுனப்ப சர்டிபிகேட்டக் காட்டவா சொன்னாங்க?"

"அது வேற நாடு. யாரு பாத்தா?"

"அதானே," என்றாள். அலவாங்கை நட்டுவிட்டு முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "யாரும் பாக்கல. அம்மா செத்ததுகூட எனக்கு அடுத்த நாள்தான் தெரியும், போன் மேடத்துக்கிட்ட இருந்திச்சு. அவங்க வெளிய போனா கதவப் பூட்டிட்டுப் போவாங்க. சாவி எங்கிட்ட ஒரு நாளும் இருந்ததில்ல. மலையில வெயில் அடிக்கும், அட்ட கடிக்கும், கங்காணி ஏசுவாரு. அந்திக்கு எறங்கி வீட்டுக்கு வந்துரலாம்ல."

இரண்டு தடவை போய் வந்தவள் அத்தனை வருடத்தைப் பற்றி என்னிடம் சொன்னது இவ்வளவுதான். எனக்கு அந்த நேரத்தில் வந்த கோபத்தை அவள் மீது காட்டவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஐந்து கொடிகளையும் ஒன்றன் பின் ஒன்றாக அவள் சாய்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கவ்வாத்துக்காரர் வந்து வேர்களை எடுத்துக் கொடுத்தார். முள்ளால் குத்திக் குத்தி, தான் புதைத்த வாதுத் துண்டுகளைத் தானே தேடிப் பொறுக்கினார். பாதி மக்கிப் போயிருந்தது. அவர் கையில் வந்தது எவ்வளவு, மண்ணில் மிஞ்சியது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. வாசலில் போட்டு எரித்தோம். பச்சைக் கட்டைகள் எளிதில் பற்றவில்லை. மகள் மண்ணெண்ணெய் ஊற்றினாள். கட்டிகள்தான் கடைசி வரை எரியாமல் கிடந்து புகைந்தன. அவர் ஒவ்வொன்றாகக் குச்சியால் நெருப்புக்குள் தள்ளினார்.

புகைக்கு நடுவில் போன் அடித்தது. இந்த முறை எடுத்தாள்.

"இல்ல அண்ண. பழம் எறங்கல... இல்ல, அதுக்காக இல்ல. நா வரல. பேர வெட்டிருங்க... அப்பாவுக்கெல்லாம் ஒன்னுமில்ல, நல்லா இருக்காரு. நாந்தான் வரல."

அவன் ஏதோ நீளமாகச் சொன்னான். அவள் பாதியில் போனை அணைத்துவிட்டு, இன்னொரு கட்டையை நெருப்பில் போட்டாள்.

அவள் மலைக்குப் போன முதல் நாள் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆட்களைப் பிரித்து வேலை சொல்லும் இடத்துக்கு, இருட்டோடு கிளம்பினாள். பழைய சட்டைக்கு மேல் என் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். தலையில் கட்டும் சாக்கைக் கவ்வாத்துக்காரரின் மனைவி கொடுத்திருந்தாள். வாசலில் நின்று, "போயிட்டு வாறேன்பா," என்றாள். நான் உள்ளே திரும்பிப் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்திருப்பாள், அல்லது நினைத்திருக்க மாட்டாள்.

கூடாரத்தில் மேற்கொண்டு எனக்கு வேலை இல்லை. லீக்ஸ் நாற்று இன்னும் வைக்கவில்லை. தோண்டிப் போட்ட மண் மட்டும். அங்கே போய் உட்கார மனம் வரவில்லை. வீட்டுக்குள் நடந்தேன். முன் அறை, பின் அறை, குசினி. குசினி ஜன்னல் திறக்காத இரண்டில் ஒன்று, ஆனால் கண்ணாடியைத் துடைத்தால் எதிரே மலை தெரியும். துடைத்தேன். நிரை நிரையாகப் பெண்கள் பறித்துக்கொண்டு மேலே ஏறுவது தெரிந்தது. பதினொரு பேர். எல்லாருடைய தலையிலும் சாக்கு, எல்லாருடைய முதுகும் ஒரே மாதிரி வளைந்து. எது என் மகள் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. புதியவள் பின்தங்குவாள் என்று கடைசியில் வந்த உருவத்தைப் பார்த்தேன். அது திரும்பினபோது வயதான வேறொருத்தி. முதலில் இருந்து மறுபடி பார்த்தேன். மூட்டம் இறங்கி ஐந்து பேரை மூடியது. விலகினபோது அவர்கள் இடம் மாறியிருந்தார்கள். நான் அங்கேயே நின்றேன். சோறு வைக்க வேண்டும் என்பதுகூட நினைவில் இல்லை.

அந்தி சாயும்போது அவள் வந்தாள். விரல்கள் கறுத்துப் பிசுபிசுத்திருந்தன. கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. நான் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன். வாசலில் குந்திக் கால்களைக் கழுவினாள். எவ்வளவு எடுத்தாய் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

அவளே பேசினாள், தண்ணீரை ஊற்றிக்கொண்டே.

"நாள் முழுக்கக் குசினி ஜன்னல்லயே நின்னீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மலையில இருந்து நல்லாத் தெரியுதுப்பா. மத்தவங்களும் பாத்துட்டு, அது ஒங்க அப்பாவான்னு கேட்டாங்க." வாளியைக் கவிழ்த்து வைத்தாள். "இடுப்பு வலிக்கும். நாளைக்குக் கதிரையப் போட்டு உக்காந்துக்கோங்க."